படகில் வி.எச்.எஃப் ஆன்டெனா: தடைக்காலத்திலேயே சரிசெய்ய வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். இன்ஜின், பெயின்ட், வலை என்று எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்குகிறார்கள். படகிலிருந்து பேசும் ரேடியோவான வி.எச்.எஃப் செட்டின் ஆன்டெனா மட்டும் கடலுக்குக் கிளம்பும் வாரத்தில்தான் நினைவுக்கு வருகிறது. செட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் 25 வாட் வெளியே போவது அந்த ஆன்டெனா வழியாகத்தான். ஆபத்து அழைப்புக்கான சேனல் 16-இல் உதவி கேட்டுக் கூப்பிடும்போது அது போய்ச் சேருவதும் சேராததும் இந்த இரண்டு மாதத்தில் செய்யும் வேலையில் இருக்கிறது.

கடையில் போய் "வயர்லெஸ் ஆன்டெனா" என்று மட்டும் கேட்காதீர்கள். கடல் வி.எச்.எஃப் 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்கிறது. லாரியில் பேசும் சிபி ரேடியோவின் ஆன்டெனா 27 மெகாஹெர்ட்ஸுக்கு உரியது. கனெக்டர் ஒரே மாதிரி இருப்பதால் மாட்டிவிடலாம். ஆனால் அனுப்பும் சக்தியில் பெரும்பகுதி திரும்பிச் செட்டுக்குள்ளேயே வரும். இன்னொன்று, சுமார் அரை மீட்டர் நீளமுள்ள கால் அலை (அலைநீளத்தில் கால் பங்கு) ஆன்டெனாவுக்குக் கீழே உலோகத் தளம் வேண்டும். ஃபைபர் படகிலும் மரப்படகிலும் அது கிடையாது. நம் படகுகளுக்கு, தளம் கேட்காத ஒரு மீட்டர் அரை அலை ஆன்டெனாதான் சரி.

"9 டிபி" (ஆன்டெனா அலையைக் குவிக்கும் அளவு, டெசிபலில்) என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்குகிறவர்கள் நிறைய. அந்த எண் கூடினால் சக்தி கூடுவதில்லை. மேலும் கீழும் பரவுவதைக் குறைத்து, தொடுவானத்தை ஒட்டிய மெல்லிய பட்டையாக அனுப்புகிறது, அவ்வளவுதான். வங்காள விரிகுடா அலையில் படகு உருளும்போது அந்தப் பட்டை ஒரு நிமிஷம் வானத்துக்கும் அடுத்த நிமிஷம் தண்ணீருக்கும் போகும். பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். அதிகம் ஆடும் படகுக்கு 3 டிபி போதும். பெரிய விசைப்படகுக்கு 6 டிபி வரை போகலாம்.

தூரத்தை உண்மையில் கூட்டுவது உயரம். ஆன்டெனா 4 மீட்டர் உயரத்தில் உள்ள இரண்டு படகுகள் சுமார் 16 கிலோமீட்டர் வரை பேசிக்கொள்ளலாம். இரண்டிலும் 6 மீட்டருக்கு ஏற்றினால் சுமார் 20 ஆகும். எனவே கேபின் பக்கவாட்டுக் கம்பியில் கட்டாமல் கூரைக்கு மேலே ஏற்றுங்கள். இரும்புக் கம்பத்தை ஒட்டி வைத்தால் அந்தத் திசை மறைந்துபோகும். மற்ற ஆன்டெனாக்களிலிருந்தும் இழுவைக் கம்பிகளிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

இனி கேபிள். பணம் மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் இதுதான், இங்கேதான் எல்லாரும் மிச்சம் பிடிக்கிறார்கள். ஆர்ஜி 58 என்ற மெல்லிய கேபிளை 10 மீட்டர் இழுத்தால் 25 வாட்டில் ஏறக்குறைய 16 வாட்தான் மேலே போய்ச் சேரும். அதே தூரத்துக்குத் தடித்த ஆர்ஜி 213 போட்டால் 20 வாட் சேரும். வீட்டில் மிச்சமிருக்கும் டிவி கேபிளைத் தொடவே தொடாதீர்கள். அது 75 ஓம், செட்டுக்கு வேண்டியது 50 ஓம். அதைவிடப் பெரிய கேடு, அதன் உள்வலை பெரும்பாலும் அலுமினியம். உப்புக்காற்றில் சீக்கிரம் பொடிந்துவிடும்.

கேபிள் நல்லதாகவே இருந்தாலும் கனெக்டர் வழியாக நீர் புகுந்தால் எல்லாம் வீண். பிஎல் 259 கனெக்டரைத் திருகிவிட்டு மேலே சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றுவது வழக்கம். அந்த டேப் வெயிலில் பசை இளகிக் கழன்றுவிடும். இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் கிடைக்கிறது, அதைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். சிலிகான் பூசுவதானால் வினிகர் வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். அந்த வகையிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். கேபிள் கேபினுக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். நன்றாகச் சால்டர் செய்து மூடிய ஒரு கனெக்டர், அடுத்த 9 டிபி ஆன்டெனாவை விட உங்களுக்கு அதிகம் உதவும்.

அப்புறம் பெயின்ட். படகுக்கு அடிக்கும்போது ஆன்டெனாவின் வெள்ளைக் குழாய்க்கும் ஒரு கை பூசிவிடுகிறார்கள். அலுமினியம் கலந்த சில்வர் பெயின்ட் உள்ளே இருக்கும் கம்பியை மறைத்துவிடும். குழாயைப் பழைய துணியால் சுற்றி வைத்துவிட்டுப் பெயின்டரை வரச் சொல்லுங்கள்.

ஆன்டெனா கழற்றியிருக்கும்போது "செட் வேலை செய்யுதா" என்று மைக்கை அழுத்தக் கூடாது. போன சக்தி திரும்பி வந்து செட்டின் வெளியீட்டுப் பகுதியைக் கெடுக்கலாம். எல்லாம் மாட்டியபின் எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் வைத்துப் பாருங்கள். 1.5-க்குள் இருந்தால் நல்லது. 3 காட்டினால் கால்வாசி சக்தி திரும்பி வருகிறது, கனெக்டரைத்தான் முதலில் பிரிக்க வேண்டும். பேச்சுச் சோதனையைச் சேனல் 16-இல் செய்யாதீர்கள், அது ஆபத்தில் இருப்பவருக்கானது. பக்கத்துப் படகுக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லிவைத்து, வேறு சேனலில் 1 வாட்டில் பேசிப் பாருங்கள். மீட்டர் காட்டிய எண்ணைக் குறித்துவைத்து, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். எண் மாறியிருந்தால் உப்பு புகுந்திருக்கலாம்.