கேட்டது நழுவாமல் இருக்க என்ன செய்யலாம்: செயல் நினைவு பற்றி ஒரு செய்முறை

முதலில் ஒரு சின்னச் சோதனை. கீழே உள்ள எண்களை ஒரே ஒரு முறை படித்துவிட்டுக் கண்ணை எடுத்துவிடுங்கள்.

4 9 1 7 2 0 8 5 3 6

இப்போது 100-இலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துக்கொண்டே 70 வரை வாருங்கள்: 97, 94, 91... வந்தாயிற்றா? சரி, அந்தப் பத்து எண்களையும் வரிசையாகச் சொல்லுங்கள்.

பலருக்குப் பாதிகூடத் தேறாது. அந்த எண்களைச் சற்று நேரம் பிடித்துவைத்திருந்ததுதான் செயல் நினைவு. மனக்கணக்குப் போடவும், நீண்ட வாக்கியத்தின் முடிவுக்கு வரும்வரை அதன் தொடக்கத்தை மனதில் வைத்திருக்கவும் இதுவே வேண்டும். ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற உளவியலாளர்கள் 1974-இல் இதை மூன்று பகுதிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று சொற்களை உள்ளுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பிடித்துவைக்கும். இன்னொன்று காட்சிகளை வைத்திருக்கும். மூன்றாவது, கவனத்தை எதில் செலுத்துவது என்று முடிவு செய்யும். கழித்தல் கணக்கு உங்கள் கவனத்தையும் அந்த உள் குரலையும் பிடுங்கிக்கொண்டது. அதனால்தான் எண்கள் போயின.

இதன் கொள்ளளவு மிகச் சிறியது. 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் ஏறக்குறைய ஏழு உருப்படிகள் என்றார்; 2001-இல் நெல்சன் கோவன் என்ற இன்னொரு உளவியலாளர் அதை நான்காகக் குறைத்தார். மூளைப் பயிற்சிச் செயலிகளால் இதைப் பெருக்கிவிடலாம் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த விளையாட்டில் நாம் தேறுவோம், அன்றாட மறதி பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். இருக்கிற இடத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதே நடக்கிற காரியம்.

படி 1: கொத்தாக்குங்கள். மேலே உள்ள எண்ணை 491, 720, 8536 என்று படித்தால் பத்து உருப்படிகள் மூன்றாகின்றன. கொத்துக்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருந்தால் இன்னும் நல்லது. 19451969 என்பது எட்டு இலக்கம். இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆண்டு, மனிதன் நிலவில் கால் வைத்த ஆண்டு என்று பார்த்தால் இரண்டே உருப்படி. நீண்ட கால நினைவில் இருப்பதைக் கடன் வாங்குகிறீர்கள், அவ்வளவுதான். கடவுச்சொல், வண்டி எண் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

படி 2: குரலையும் படத்தையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். வழி கேட்கும்போது "இடது, இடது, வலது" என்று முணுமுணுத்தபடியே அந்தத் திருப்பங்களை மனதில் வரைந்து பாருங்கள். ஒன்று நழுவினாலும் மற்றது கைகொடுக்கும்.

படி 3: மறுபடி படிக்காமல், நினைவிலிருந்து எடுத்துப் பாருங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் நடத்திய ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ நிலைமை தலைகீழ்: படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. புதிதாக ஒருவரின் பெயரைக் கேட்டால் பேச்சினூடே ஒரு முறை சொல்லுங்கள். ஒரு நிமிடம் கழித்து மனதுக்குள் எடுத்துப் பாருங்கள். அப்புறம் கிளம்பும்போது ஒரு முறை, மறுநாள் ஒரு முறை. எடுக்கக் கொஞ்சம் சிரமப்பட்டால் நல்லதுதான்.

படி 4: செய்ய வேண்டியதை ஒரு தருணத்தோடு கட்டிவிடுங்கள். "இன்று மாத்திரை வாங்க வேண்டும்" என்பது நிற்காது. "அலுவலகக் கதவைப் பூட்டியதும் நேராக மருந்துக்கடைக்குப் போவேன்" என்பது நிற்கும்.

படி 5: வேலையின் நடுவே யாராவது கூப்பிட்டால், திரும்புவதற்கு முன் அடுத்து செய்ய இருந்ததை அரை வரி எழுதிவையுங்கள். காகிதம் போதும்.

தூக்கம் குறைந்த நாட்களில் இவை எல்லாமே சொதப்பும். அதற்குத் தனி மருந்து கிடையாது, தூங்கத்தான் வேண்டும். பழகிய வழியே குழம்புகிறது, அன்றாட வேலைகள் தடைபடுகின்றன என்றால் மட்டும் இந்தப் படிகளை நம்பிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.