காய் கிலுகிலுத்தால் விதை தயார்

பிரிட்டன் புல்வெளிகளில் மஞ்சளாகப் பூக்கும் யெல்லோ ராட்டில் (Yellow rattle) செடிக்கு விதைப் பாக்கெட் வாங்க வேண்டாம். ஜூலை வாக்கில் காய்ந்த செடியை ஆட்டிப் பாருங்கள். கிலுகிலுவென்று சத்தம் வந்தால் விதை முற்றிவிட்டது. நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு, காகிதப் பைக்குள் தட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் புல்லை ஒட்ட வெட்டி, மண் தெரியக் கீறி, அதே இலையுதிர் காலத்தில் தூவிவிடுங்கள்.

சில மாதக் குளிர் பட்டால்தான் இது முளைக்கும்; பழைய விதை பெரும்பாலும் வீண். இதன் வேர் புல்லின் வேரைப் பற்றி உறிஞ்சுவதால் புல் அடங்கி, மற்ற காட்டுப்பூக்களுக்கு இடம் கிடைக்கும்.

புல் இல்லாத தொட்டியிலும் நம்மூர் வெயிலிலும் சரிவராது. (நம்மூர் கிலுகிலுப்பைச் செடி வேறு.) அந்தக் காலத்தில் யெல்லோ ராட்டிலை இருமலுக்கும் கண்ணுக்கும் மருந்தாகப் பயன்படுத்தினார்கள்; ஆனால் செடியில் நச்சு உண்டு, நீங்கள் அதில் இறங்க வேண்டாம்.