கூகுள் கணக்கு திறக்கவில்லையா? முதலில் பழைய சிம்மைத் தேடுங்கள்

சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில், அதாவது பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் எங்கள் பட்டணத்தில், யாராவது “ஜிமெயில் உள்ளே போகமாட்டேங்குது” என்று கைப்பேசியை நீட்டினால் நான் கடவுச்சொல்லைப் பற்றிக் கேட்பதில்லை. “கணக்குத் திறந்தப்போ எந்த நம்பர் கொடுத்தீங்க? அந்த சிம் யார் பேர்ல இருக்கு?” இந்த இரண்டும்தான் கேள்வி.

கைப்பேசி வாங்கிய அன்று கடைக்காரப் பையனே ஒரு ஜிமெயில் திறந்து, கடவுச்சொல்லைப் பெட்டி மூடியில் எழுதிக் கொடுத்திருப்பான். பெட்டி எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும். நம்பரோ, மகன் பேரில் வாங்கிய பிரிபெய்டு. டாப்-அப் செய்யாமல் விட்டால் அதன் செல்லுபடி முடியும், பிறகு கொடுக்கும் கூடுதல் நாள்களும் முடியும், நம்பர் நிறுவனத்துக்கே திரும்பிவிடும். அப்புறம் அது வேறு யாருக்காவது விற்கப்படலாம். புதுக் கைப்பேசியில் நுழையும்போதுதான், அந்த நம்பருக்குச் சரிபார்ப்பு எண் அனுப்பியிருப்பதாக கூகுள் சொல்லும். எல்லாரும் டேக் நம்பர் என்று சொல்வது அதைத்தான்.

பூட்டிக்கொண்டது உங்கள் கணக்கோ, அம்மாவுடையதோ, யூனிசெல் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பியுடையதோ, வரிசை ஒன்றுதான்.

படி 1: எதையும் அழிக்காதீர்கள்

எரிச்சலில் நினைவுக்கு வரும் கடவுச்சொல்லையெல்லாம் வரிசையாக அடித்துப் பார்க்கத் தோன்றும். பலமுறை தவறினால் கூகுள், பிறகு முயலச் சொல்லி நிறுத்திவிடும். அதன்பின் சரியான வழியில் போனாலும் காத்திருக்க வேண்டிவரும்.

அதைவிட மோசம், கைப்பேசியைக் கடையில் கொடுத்து ரீசெட் போடுவது. ஆண்ட்ராய்டு 5.1 முதல் திருட்டுக்கு எதிரான ஒரு பூட்டு உண்டு. ஓரத்துப் பொத்தான்களை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்தால், கைப்பேசி எழுந்ததும் முன்பு அதிலிருந்த கூகுள் கணக்கையே கேட்கும். எந்தக் கணக்கு திறக்கவில்லையோ, அதே கணக்கு! படங்களும் போய், கைப்பேசியும் முடங்கி, கடைக்கூலியும் கொடுத்துவிட்டு வந்து நிற்பீர்கள்.

படி 2: பழைய கைப்பேசி, பழைய சிம், வீட்டு வைஃபை

முக்கால்வாசி வேலை இதில்தான். கேட்பது நீங்கள்தானா என்று முடிவெடுக்க, நீங்கள் எந்தக் கைப்பேசியிலிருந்து, எந்த இடத்திலிருந்து, எந்த பிரவுசரில் வருகிறீர்கள் என்று கூகுள் பார்க்கிறது. கோலாலம்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக் கணினியில் உட்கார்ந்து முயன்றால், கூகுளின் கண்ணுக்கு நீங்கள் முன்பின் தெரியாத ஆள். அக்கா எவ்வளவு விவரமானவராக இருந்தாலும் சரி, இதை வீட்டிலிருந்தே செய்யுங்கள்.

டிவி மேசை இழுப்பறையில் திரை விரிசல் விட்ட கைப்பேசி ஒன்று கிடக்கும். அதை எடுத்துச் சார்ஜ் போட்டு, வீட்டு வைஃபையில் இணையுங்கள். பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலப்பக்கம் இருக்கும் வட்டப் படத்தைத் தட்டுங்கள். அங்கே மின்னஞ்சல் முகவரி காட்டினால் உங்களுக்கு யோகம்தான், அந்தக் கணக்கு இன்னும் இதில் உள்ளே இருக்கிறது. முகவரியே மறந்தவர்கள் அதை இங்கே பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

அடுத்து அமைப்புகள், கூகுள், கணக்கை நிர்வகித்தல், பாதுகாப்பு, கடவுச்சொல் என்று வரிசையாகப் போங்கள். பழைய கடவுச்சொல்லைக் கேட்கும்; மறந்துவிட்டேன் என்பதை அழுத்துங்கள். பல கைப்பேசிகளில், திரையைத் திறக்கப் போடும் கோலத்தையோ விரல்ரேகையையோ காட்டினாலே புதுக் கடவுச்சொல் வைக்க விட்டுவிடும். இது நடந்தால் நேராகப் படி 5.

நடக்காவிட்டால் சிம்மைப் பாருங்கள். அதைப் போட்டு வேறொரு கைப்பேசிக்கு அழையுங்கள். அழைப்பு போகவில்லை என்றால் உடனே டாப்-அப் போட்டுப் பாருங்கள். கூடுதல் நாள்கள் முடிவதற்குள் என்றால் நம்பர் பிழைத்துக்கொள்ளும். சிம் தொலைந்து நம்பர் மட்டும் உயிரோடு இருந்தால், அதே நம்பருக்கு மாற்று சிம் கிடைக்கும். ஆனால் யார் பேரில் பதிவோ அவர்தான் மைகார்டோடு, அதாவது மலேசிய அடையாள அட்டையோடு, போகவேண்டும். இங்கேதான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நம்பர் அம்மாவுடையது, பெயர் சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணனுடையது! அதனால் பஸ் ஏறும் முன்பே நிறுவனத்துக்கு அழைத்து, யார் பெயர் பதிவில் இருக்கிறது, சேவை மையம் எந்தப் பட்டணத்தில் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

படி 3: கூகுளின் கேள்விகளுக்குப் பதில்

அதே கைப்பேசியில், முன்பு பயன்படுத்திய அதே பிரவுசரில் கூகுளின் உள்நுழைவுப் பக்கத்தைத் திறந்து, மின்னஞ்சலை எழுதி, கடவுச்சொல்லை மறந்துவிட்டேன் என்பதை அழுத்துங்கள்.

நினைவில் உள்ள கடைசிக் கடவுச்சொல் எது என்று கேட்கலாம். தெரியாது என்று தாண்டிப் போகாமல், ஓரளவு நினைவிருப்பதை எழுதுங்கள். இங்கே ஊகம் தவறினாலும் மீட்பு நடைமுறையிலிருந்து உங்களைத் தள்ளிவிடமாட்டோம் என்று கூகுளே சொல்கிறது. நம்பர் வேறொருவர் கைக்குப் போயிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால், குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லாதீர்கள். வேறு வழி என்பதைத் தட்டி, அடுத்து என்ன கேட்கிறது என்று பாருங்கள். தொடர்புக்கு இன்னொரு மின்னஞ்சல் கேட்டால், வீட்டில் தினமும் மின்னஞ்சல் பார்க்கும் ஒருவருடையதைக் கொடுங்கள். பதில் ஸ்பேம் பெட்டியிலும் விழும், அங்கேயும் தேடச் சொல்லுங்கள்.

சில நேரம் பாதுகாப்புக்காகச் சில மணி நேரமோ சில நாள்களோ காத்திருக்கச் சொல்லும். சரி என்று விட்டுவிடுங்கள். கைவிரித்துவிட்டால், மறுநாள் அதே கைப்பேசியில், அதே வைஃபையில் மறுபடி முயலலாம். ஆனால் 2 ஆண்டுகளாக யாரும் தொடாத கணக்குகளை கூகுள் 2023 டிசம்பர் முதல் நீக்கி வருகிறது. உங்களுடையது அப்படிப் போயிருந்தால், திரும்பக் கிடைக்கும் என்று நாள்களை வீணாக்க வேண்டாம்.

படி 4: காசு கேட்பவரிடம் போகாதீர்கள்

கணக்கை மீட்டுத் தர கூகுள் காசு வாங்குவதில்லை. அதற்கென்று அழைத்துப் பேசும் தொலைபேசி எண்ணும் கிடையாது. டெலிகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் “ஐம்பது வெள்ளி கொடுங்கள், அரை மணி நேரத்தில் திறந்து தருகிறேன்” என்பவர் அடுத்துக் கேட்கப்போவது டேக் நம்பரை. அதைக் கொடுத்தால் மிச்சமிருப்பதும் போய்விடும். கொடுத்து, வங்கியிலிருந்து பணமும் போயிருந்தால், ஜிமெயிலை அப்படியே போட்டுவிட்டு உடனே வங்கிக்கோ 997-க்கோ அழையுங்கள். 997 தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண்.

படி 5: உள்ளே போனதும்

மீட்பு நம்பராக, உங்கள் மைகார்டில் பதிவான, தவறாமல் டாப்-அப் போடும் நம்பரைக் கொடுங்கள். மீட்பு மின்னஞ்சலுக்குப் பிள்ளைகள் ஒருவருடையது போதும். நம்பரை மாற்றிய பிறகும் 7 நாள் வரை பழைய நம்பருக்குச் சரிபார்ப்பு எண் அனுப்பவா என்று கூகுள் கேட்கக்கூடும். அதனால் பழைய சிம் கையில் இருந்தால் அன்றே வெட்டிப் போடாதீர்கள்.

பாதுகாப்புப் பக்கத்தில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கினால், காப்புக் குறியீடுகள் என்று 8 இலக்க எண்கள் 10 கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். இவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே கைப்பேசியில் வைப்பதில் பயனில்லை. மளிகைக் கடைக் கணக்கு எழுதும் 555 புத்தகம் ஒன்றை இதற்கென்றே வாங்கி, அதில் எழுதி, பிறப்புப் பத்திரங்களோடு வையுங்கள். தலைப்பாக ‘கூகுள்’ என்று மட்டும் எழுதாதீர்கள், அம்மாவின் முழு மின்னஞ்சல் முகவரியையும் எழுதுங்கள். பத்து எண்களும் பத்திரமாக இருந்து, யாருடைய கணக்கு என்று தெரியாமல் முழித்த வீடுகள் உண்டு.

வாட்ஸ்அப்பின் இரண்டு கட்டச் சரிபார்ப்புக்கான ரகசிய எண்ணையும் (PIN) அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள். மீட்பு மின்னஞ்சல் கொடுக்காமல் அதை மறந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டும்.

படி 6: சேமநிதியும் வங்கியும்

ஜிமெயில் திரும்பாவிட்டாலும் இந்த இரண்டும் போய்விடாது. உங்களை அடையாளம் காண அவர்களுக்கு மைகார்ட் இருக்கிறது. 2024 மே மாதம் ஈபிஎஃப் என்னும் ஊழியர் சேமநிதியில், வேண்டும்போது பணம் எடுக்கக்கூடிய ஃபிளெக்சிபல் கணக்கு வந்ததிலிருந்து, அதன் இணையக் கணக்கான ஐ-அக்கவுனைத் தேடாதவர்களும் தேட ஆரம்பித்துவிட்டார்கள். அதில் பதிவான நம்பர் செத்துவிட்டால், மைகார்டோடு சேமநிதி அலுவலகத்துக்குப் போய் நம்பரை மாற்றுங்கள்.

அங்கே பெருவிரல் ரேகை கேட்பார்கள். வருடக்கணக்கில் பால்மரம் சீவியவர்களுக்கும் செம்பனைக் குலை வெட்டியவர்களுக்கும் ரேகை தேய்ந்திருக்கும், இயந்திரம் சிவப்பு விளக்கையே காட்டிக்கொண்டிருக்கும். அம்மா பதறி விரலை இன்னும் அழுத்துவார். அழுத்த வேண்டாம். ஈரத்துணியால் விரலைத் துடைத்து, காய்ந்ததும் லேசாக வைக்கச் சொல்லுங்கள். மைகார்டில் இரண்டு பெருவிரல் ரேகையும் இருப்பதால், ஒன்று படியாவிட்டால் மற்றதை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

வங்கிச் செயலியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022-இல் சொன்னபடி, புதுக் கைப்பேசியைப் பதிவு செய்தால் உடனே பணம் அனுப்ப விடமாட்டார்கள். பல வங்கிகளில் 12 மணி நேரம் பொறுக்க வேண்டும். கார் தவணை கட்டவேண்டிய நாளில் இதைத் தொடங்காமல், முதல் நாள் மாலையே முடித்துவிடுங்கள்.