புதிய உலாவிப் பதிப்பு பிடிக்கவில்லை என்றதும் செய்யக்கூடாதவை

கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலையிலும் மஞ்சக்குப்பத்திலும் உள்ள கணினிக் கடைகளில் புதிதாக வேலைக்குச் சேரும் தம்பிகளைப் பல காலமாகக் கவனித்து வருகிறேன். குரோம், ஃபயர்பாக்ஸ் போன்ற உலாவி (பிரவுசர்) ஒன்று தோற்றத்தை மாற்றிக்கொண்டு புதிய பதிப்பாக வரும் வாரத்தில், வாடிக்கையாளர்களில் சிலர் முன்னைவிட வேகமாக இருக்கிறது என்று மகிழ்வதும், சிலர் யாரைக் கேட்டு மாற்றினார்கள் என்று கொதிப்பதும் வழக்கம். அந்தக் கொதிப்பைத் தணிக்கும் அவசரத்தில் இவர்கள் செய்யும் பிழைகள், எங்கள் தலைமுறை இத்தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே பிழைகள்தாம். போலித் தளத்திலிருந்து பதிவிறக்குவது போன்ற, எல்லோருக்கும் தெரிந்த பிழைகளை இங்கே சொல்லப்போவதில்லை.

எல்லா முறையீட்டையும் ஒரே கணக்கில் வைப்பது

கண்ணுக்குப் பழகாததால் எழும் முணுமுணுப்பு வேறு. உண்மையான இடைஞ்சல் வேறு. 2018 செப்டம்பரில் குரோம் 69 வந்தபோது டேப்கள் வளைந்துவிட்டன என்று வருந்தியவர்கள் சில வாரங்களில் அதை மறந்துவிட்டார்கள். ஆனால் அதே பதிப்பில், ஜிமெயிலுக்குள் நுழைந்தாலே உலாவியிலும் அந்தக் கணக்கு தானாக உள்நுழைந்துகொள்ளும்படி மாற்றியிருந்தார்கள். பலர் வந்துபோகும் பிரவுசிங் சென்டர்களுக்கு அது நியாயமான கவலை. அந்த எதிர்ப்பு குறிப்பாகவும் தெளிவாகவும் இருந்ததால்தான், அடுத்து வந்த 70ஆம் பதிப்பில் அதை நிறுத்திவைக்க ஒரு தெரிவு கிடைத்தது. எனவே வாடிக்கையாளர் "நன்றாக இல்லை" என்றால், எது நன்றாக இல்லை என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு பொத்தானையோ, உலாவியோடு சேர்த்து நிறுவும் துணை நிரலான ஒரே ஒரு நீட்சியையோதான் (எக்ஸ்டென்ஷன்) அவர் தேடிக்கொண்டிருப்பார்.

பழைய பதிப்பைத் தேடி ஓடுவது

இதைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன். இன்றும் இதை நினைத்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

2021 ஜூன் 1 அன்று ஃபயர்பாக்ஸ் 89 வெளியானது. புரோட்டான் என்று பெயரிடப்பட்ட அதன் புதிய தோற்றத்தில் டேப்களுக்கு இடையே இருந்த கோடுகள் போயின, பட்டியல்களில் இருந்த சிறு படங்கள் போயின, மேல்பட்டை தடித்தது. பெரிய திரை வைத்திருப்பவர்களுக்கு அது அழகாகவே இருந்தது. நம் ஊர் அலுவலகங்களில் பரவலாக உள்ள 1366-க்கு 768 புள்ளித் திரைகளிலோ, நாள் முழுதும் வரிப் படிவங்களைப் பார்ப்பவருக்கு அந்தத் தடித்த பட்டை ஒரு வரியை விழுங்கியது போல் தோன்றியது.

பொதுமுடக்கம் தளர்ந்து அலுவலகங்கள் திறந்த நாள்களில், வரி ஆலோசகர் ஒருவர் இதே குறையைச் சொல்லி, "தம்பி, பழையபடி ஆக்கிக் கொடுத்துவிடுங்கள்" என்று ஒரு கடைப் பையனிடம் கேட்டிருக்கிறார். அவனும் 89-ஐ நீக்கிவிட்டு, எங்கிருந்தோ பழைய பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்து நிறுவினான். நீங்கள் பழைய பதிப்பைத் திறந்திருக்கிறீர்கள், புதிய ப்ரொஃபைல் உருவாக்குங்கள் அல்லது வெளியேறுங்கள் என்று ஒரு சிறு சாளரம் வந்தது. அதைப் படிக்காமல் உருவாக்கு என்பதை அழுத்தினான். உலாவி வெறுமையாகத் திறந்தது. புத்தகக்குறிகளும் இல்லை, கடவுச்சொற்களும் இல்லை. அந்த நிலையிலும் எதுவும் கெட்டுப்போகவில்லை. நிறுவலில்தான் பிழை நேர்ந்துவிட்டது என்று எண்ணிய அவன், உலாவியை மறுபடியும் நீக்கினான்; ஃபயர்பாக்ஸ் கோப்புறையைத் தேடிப் பிடித்து, ஷிஃப்ட் விசையோடு டெலீட்டையும் அழுத்தி, மறுசுழற்சித் தொட்டிக்குக்கூடப் போகாதபடி அழித்தான். பிறகு சுத்தமாக நிறுவினான்.

அந்த ஆலோசகரின் வாடிக்கையாளர்களான வணிகர்கள் அனைவரின் ஜி.எஸ்.டி. கடவுச்சொற்களும் அந்தக் கோப்புறையில்தான் இருந்தன. காகிதத்தில் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு வணிகரையும் தொலைபேசியில் அழைத்து, அவர் கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி.யைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு கணக்காகக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டியதாயிற்று. பதிவான எண்ணைக் கைவிட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஒரு வரி உயரத்துக்காக இத்தனையும்.

அந்தச் சாளரம் ஏன் வந்தது என்பதைப் புரிந்துகொண்டால் இந்தப் பிழை நேராது. ஃபயர்பாக்ஸ் என்னும் நிரல் ஓரிடத்தில் இருக்கிறது. உங்கள் புத்தகக்குறி, வரலாறு, கடவுச்சொல் ஆகியவை ப்ரொஃபைல் என்னும் தனிக் கோப்புறையில், விண்டோஸ் மறைத்து வைத்திருக்கும் ஆப்டேட்டா கோப்புறைக்குள் இருக்கின்றன. புதிய பதிப்பு முதன்முறை திறக்கும்போது அந்தக் கோப்புறையில் உள்ள தரவுத்தளங்களைத் தன் வடிவத்துக்கு மாற்றி எழுதிவிடக்கூடும்; பழைய பதிப்புக்கு அந்த வடிவம் புரியாமல் போகலாம். 2019 மே மாதம் வந்த 67ஆம் பதிப்பு முதல், புதிய பதிப்பு தொட்ட ப்ரொஃபைலைப் பழையது திறக்க முயன்றால் தடுத்து எச்சரிக்கும் ஏற்பாடு வந்தது. அதற்கு முன் அப்படியே திறந்துகொள்ளும். சேதம் பிறகுதான் தெரியவரும். ஆகவே அந்தச் சாளரம் பாதுகாப்புக்காக வருவது. அதைக் கண்டு கோப்புறையை அழிப்பது, கடையின் பெயர்ப்பலகையை மாற்றச் சொன்னால் கல்லாப்பெட்டியையும் சேர்த்துத் தூக்கி எறிவது போன்றது.

அந்த இடத்தில் இரண்டு கோப்புறைகள் இருப்பதைப் பார்த்துக் குழம்புகிறவர்களும் உண்டு. இரண்டின் பெயரும், எழுத்தும் எண்ணும் கலந்த, பொருளற்ற எட்டுக் குறிகளில் தொடங்கும். ஒன்று டீஃபால்ட் என்றும் மற்றது டீஃபால்ட்-ரிலீஸ் என்றும் முடியும். வலச் சொடுக்கில் அளவைப் பாருங்கள். பயன்பாட்டில் இருந்தது கனமாக இருக்கும். மற்றது ஏறக்குறைய காலியாக இருக்கும். எதைத் தொடுவதற்கு முன்னும் அந்தக் கனமான கோப்புறையைப் பென்டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். ஃபயர்பாக்ஸில் அந்த நகல் வேறு கணினியிலும் கடவுச்சொற்களோடு திறக்கும். விண்டோஸில் குரோமின் கடவுச்சொற்களோ அந்தக் கணினியின் பயனர் கணக்கோடு பூட்டப்பட்டவை. கோப்புறையை மட்டும் எடுத்துப் போனால் வராது. குரோமை நீக்கும்போது உலாவல் தரவையும் அழிக்கவா என்று கேட்கும் சிறு கட்டத்தில் குறியிட்டுவிடுவது, இதே பிழையின் இன்னொரு வடிவம்.

பழைய பதிப்பு உண்மையிலேயே தேவைப்பட்ட காலமும் உண்டு. 2017 நவம்பரில் வந்த ஃபயர்பாக்ஸ் 57, நிரலின் உட்புறம்வரை கைநீட்டிய பழைய வகை நீட்சிகளை ஒரேயடியாகக் கைவிட்டது. அவை இருந்தவரை உலாவியைப் பல செயல்முறைகளாகப் பிரித்து வேகப்படுத்துவது கடினமாக இருந்தது. ஆகவே காரணம் இருந்தது. வேகத்தைப் பாராட்டியவர்கள் ஒருபுறம் இருக்க, தங்கள் அன்றாட வேலையையே நீட்சிகளின்மேல் கட்டியிருந்தவர்கள் கோபப்பட்டதிலும் நியாயம் இருந்தது. அவர்களுக்கு அன்று சரியான வழி, நிறுவனங்களுக்கென்று நீண்டகால ஆதரவோடு வெளியிடப்படும் இ.எஸ்.ஆர். வரிசை. அதன் 52ஆம் பதிப்பு பழைய நீட்சிகளை ஏற்றுக்கொண்டு, 2018 செப்டம்பர் வரை பாதுகாப்புத் திருத்தங்களையும் பெற்றுவந்தது. அதையும் தனி ப்ரொஃபைலில்தான் நிறுவ வேண்டும்.

மறைவான அமைப்புகளைத் திருகுவது

புரோட்டான் தோற்றத்தை அணைக்க, about:config என்னும் உள்ளமைப்புப் பக்கத்தில் ஒரு சாவி, அதாவது மறைவான அமைப்பு ஒன்று, இருந்தது. அதைத் திருகிக் கொடுத்துப் பாராட்டு வாங்கியவர்கள் பலர். சில பதிப்புகள் கழித்து அந்தச் சாவியே நீக்கப்பட்டபோது, அதே வாடிக்கையாளர் இருமடங்கு கோபத்தோடு கடைக்கு வந்தார். குறுகிய மேல்பட்டையை மீட்கும் சாவியை மட்டும் திருகியிருந்தால், அந்த வரி ஆலோசகரின் குறையே தீர்ந்திருக்கும். திருகுவதானால் எதைத் திருகினோம் என்று எழுதி ஒரு பிரதியை வாடிக்கையாளரிடம் கொடுங்கள்.

தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவைப்பது

பாதுகாப்புத் திருத்தங்கள் அதன் வழியாகத்தான் வருகின்றன. வாடிக்கையாளர்கள் அதே கணினியில்தான் வங்கிக் கணக்கையும் திறப்பார்கள். நிறுத்தாதீர்கள்.

நீட்சியின் குற்றத்தை உலாவியின் மேல் சுமத்துவது

புதிய பதிப்பு தொங்குகிறது, மெதுவாக இருக்கிறது என்றால், முதலில் சிக்கல்தீர்க்கும் பயன்முறையில் (ட்ரபிள்ஷூட் மோட்) உலாவியைத் திறந்து பாருங்கள். அதில் நீட்சிகள் எல்லாம் ஓய்ந்திருக்கும். அங்கே சரியாக ஓடினால் குற்றவாளி நீட்சிகளுக்குள் இருக்க வாய்ப்பு மிகுதி; ஒவ்வொன்றாக அணைத்துக் கண்டுபிடியுங்கள்.

விண்டோஸ் 7 கணினியில் புதிய பதிப்பை எதிர்பார்ப்பது

குரோம் 109-உம் ஃபயர்பாக்ஸ் 115 இ.எஸ்.ஆரும்தான் அதற்குக் கடைசி. அதற்கு மேல் எந்தக் கடைக்காரராலும் ஏற்ற முடியாது.

கேட்காமல் வேறு உலாவிக்கு மாற்றிவிடுவது

புதிய தோற்றம் பிடிக்கவில்லை என்று வந்தவருக்கு முழுதும் புதிய உலாவியைக் கொடுத்து அனுப்புவதில் எனக்கு ஒரு பொருளும் விளங்கவில்லை. அவர் கேட்டு மாற்றுவதாக இருந்தாலும், இறக்குமதி முடிந்த பிறகு புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் வந்துவிட்டனவா என்று அவர் கையாலேயே இரண்டு மூன்று தளங்களைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கடவுச்சொற்களைக் கோப்பாக ஏற்றுமதி செய்து மாற்றியிருந்தால், அந்தக் கோப்பு எவரும் திறந்து படிக்கக்கூடிய வெற்று எழுத்தாக டெஸ்க்டாப்பில் கிடக்கும். ஷிஃப்டையும் டெலீட்டையும் சேர்த்து அழுத்த வேண்டியது அந்தக் கோப்பின் மீதுதான்.