தோட்டத்துப் பறவைகளைப் பூனையிடமிருந்து காப்பது எப்படி? விஷம் எதுவும் வேண்டாம்

பூனையை விரட்ட அந்துருண்டை போடலாமா, பினாயில் தெளிக்கலாமா என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். இரண்டும் வேண்டாம். பினாயிலை மிதித்த பூனை பாதத்தை நக்கும், விஷம் நேராக வயிற்றுக்குள் போகும். மிளகாய்த்தூள் கண்ணையும் பாதத்தையும் எரிக்கும். பூனை ஒளியும் இடத்தை எடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

1. முதலில் தரையில் உட்காருங்கள். புலி பதுங்குவது பாய்வதற்கு என்பார்கள், பூனையும் அப்படித்தான். தீனி வைக்கும் இடத்தில் பூனையின் கண் உயரத்துக்குக் குனிந்து சுற்றிப் பாருங்கள். புதரடியில் புல் ஒரு தட்டு அகலத்துக்கு நசுங்கி, இரண்டொரு முடி ஒட்டியிருந்தால் அதுதான் அதன் இடம்.

2. தீனித் தட்டை அந்த மறைவிலிருந்து சுமார் 2 மீட்டர் தள்ளி வையுங்கள். ரொம்பவும் தள்ளிவிடாதீர்கள், வல்லூறு வந்தால் பறவைகளுக்கும் ஒளிய இடம் வேண்டுமே. தண்ணீர்த் தொட்டியையும் இப்படியே வையுங்கள். இறகு நனைந்த பறவையால் சட்டென்று எழும்ப முடியாது.

3. தட்டை வழவழப்பான இரும்புக் கம்பத்தில் பொருத்துங்கள். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், அகலமான தகரப் புனலைக் கவிழ்த்து மாட்டினால் பூனை ஏற முடியாது. பக்கத்தில் சுவரோ கிளையோ இருந்தால் இத்தனையும் வீண்.

4. கீழே சிந்தும் தானியத்தைத் தினமும் கூட்டி எடுங்கள். பறவைகளைத் தரைக்கு இழுப்பதே அதுதான்.

5. புதரடியில் கோழி வலையைப் பரப்பி, முனைகளை மண்ணுக்குள் மடக்கிவிடுங்கள். பூனைக்கு அதன்மேல் நடக்கப் பிடிக்காது.

6. அப்புறம், உங்கள் வீட்டுப் பூனை. வயிறு நிறைந்தாலும் வேட்டை ஆசை போகாது. எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சி மிகுந்த தீனி கொடுத்த பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் 5 முதல் 10 நிமிடம் விளையாட்டு காட்டியபோது 25 சதவீதம் குறைந்தது. பளிச்சென்ற வண்ணத்துணி கோத்த கழுத்துப்பட்டையும் பறவைகளைக் காப்பாற்றியது, மணியால் பலன் தெரியவில்லை. பட்டை எதுவானாலும் கிளையில் மாட்டினால் தானே கழன்றுவிடும் வகையாக வாங்குங்கள்.

விடியலிலும் அந்தியிலும் பூனையை உள்ளேயே வைத்திருங்கள். குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கும் நாட்களில் பகலிலும்தான். சரியாகப் பறக்க வராமல் அவை புல்லில் தத்தித் திரியும், தாய்ப்பறவை கிளை மாறி மாறி உட்கார்ந்து விடாமல் கத்தும். அந்தச் சத்தம் கேட்டதுமே கதவைச் சாத்திவிடுங்கள்.