பந்து பட்டதும் கை விறைக்கிறதா? மட்டையைச் சரிபார்க்கும் முறை

வன்னியில் பல பிள்ளைகள் மென்பந்தில், அதாவது டெனிஸ் பந்தில், கிரிக்கெட் ஆடிப் பழகிவிட்டுத்தான் பாடசாலை அணியில் கடினப்பந்துக்கு வருகிறார்கள். முதல் கிழமையே "கை விறைக்குது" என்று சொல்லித் தடித்த பிடியுறை வாங்கிப் போடுவார்கள். அது பிறகு பார்க்க வேண்டிய வேலை. மட்டையில் அதிர்வு எழாத இடம் எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

டெனிஸ் பந்து 57 கிராம் அளவு. மட்டையில் பட்டு நசிந்து விலக ஏறக்குறைய 5 மில்லிசெக்கன் எடுக்கும். கடினப்பந்து 156 முதல் 163 கிராம். ஏறக்குறைய 1 மில்லிசெக்கனில் விலகிவிடும். அந்தச் சுள்ளென்ற அடியில் மட்டை வில்லாக வளைந்து அதிர்கிறது. அப்படி அதிரும்போதும் அலகில், அதாவது பந்தை அடிக்கும் அகன்ற பகுதியில், ஓரிடம் அசையாது. அங்கே பட்ட பந்து கைக்குத் தெரியாமல் பறக்கும்.

அந்த இடத்தைப் பிடிக்க, பிடியின் மேல்நுனியை இரண்டு விரலால் மெதுவாகப் பற்றி மட்டையைத் தொங்கவிடுங்கள். பழைய கடினப்பந்தால் அலகின் அடியிலிருந்து மேல்நோக்கி 2 சென்ரிமீற்றருக்கு ஒரு தட்டு. விரலில் கூச்சம் குறைந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் அற்றுப்போய், மீண்டும் கூடும். அற்றுப்போன இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பெரும்பாலும் அடியிலிருந்து 15 சென்ரிமீற்றர் அளவில் வரும். மென்பந்தால் தட்டிப் பார்த்தால் வித்தியாசம் வடிவாகத் தெரியாது. தட்டும்போது காதையும் கொடுங்கள்: சரியான இடத்தில் சத்தம் கணீரென்று இருக்கும்.

அடுத்தது பிடி. பிரம்புத் துண்டுகளுக்கு இடையே ஒட்டியிருக்கும் இறப்பர்தான் அதிர்வை விழுங்குகிறது. பிடி அலகுக்குள் இறங்கும் ஆப்பு வடிவ இணைப்பில் சடசடப்புக் கேட்டால் பசை விட்டுவிட்டது. எந்தப் பிடியுறையும் அதைச் சரிசெய்யாது. தச்சரிடம் கொடுத்து ஒட்டி, இறுக்கிக் கட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும்.

பிடியுறை ஒன்று போதும். இரண்டு போட்டால் அதிர்வு குறையும், ஆனால் பந்து எங்கே பட்டது என்பதும் தெரியாமல் போகும். பழகுபவருக்கு அது பெரிய இழப்பு. ஓரத்தில் பட்டால் மட்டை கைக்குள் திருகும். அதற்குப் பயந்து கீழ்க்கையை, அதாவது பிடியில் கீழே இருக்கும் கையை, இறுக்கினால் அதிர்வு முழங்கை வரை ஏறும். கீழ்க்கை தளர்வாகவே இருக்கட்டும்.

புது வில்லோ மர மட்டை என்றால் ஆளிவிதை எண்ணெயை முகத்திலும் ஓரங்களிலும் மெல்லியதாகப் பூசி, ஒரு நாள் படுக்கவையுங்கள். இணைப்பில் எண்ணெய் படக்கூடாது, பசை இளகும். பிறகு கொட்டாப்புளியால், அல்லது பழைய மேசுக்குள் போட்ட கடினப்பந்தால், மெதுவாகத் தொடங்கி நாலைந்து மணித்தியாலம், பல நாளாகப் பிரித்துத் தட்டுங்கள். ஓரங்களைச் சரிவாகத் தட்டுங்கள், அடிநுனியில் நேரே அடிக்காதீர்கள்.

சோளக வெய்யிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்த மட்டை காய்ந்து வெடிக்கும். மாரியில் ஈரத் தரையில் ஊன்றினால் அடிநுனி ஊதி, அடி பொத்தென்று விழும். நனைந்ததை அடுப்பண்டையில் வைக்காமல் நிழலில் உலரவிட்டு, மீண்டும் தட்டிப் பாருங்கள். கோடு இடம் மாறியிருந்தால் அழித்துப் புதிதாகப் போடுங்கள்.