மரத் துப்பாக்கிக்கு மேற்கத்தையத் தோலுறை: தைப்பதும் இடுப்பில் அணிவதும்

வவுனியாவில் செருப்பும் பையும் தைத்து வாழ்கின்ற என்னிடம், குறும்படம் எடுக்கும் இளைஞர்களும் நாடகம் பழக்கும் ஆசிரியர்களும் அவ்வப்போது வந்து, கௌபோய் வேடத்துக்கு ஓர் உறை வேண்டுமென்று கேட்கிறார்கள். அவர்கள் கையோடு கொண்டுவருவது பெரும்பாலும் றெக்சினில் தைத்த ஒன்றாக இருக்கும். துப்பாக்கியை உருவியவுடன் அதன் வாய் சுருங்கிவிடும், மறுபடி செருக இரண்டு கைகளும் வேண்டும். தோலில் ஒழுங்காகத் தைத்த உறை அப்படிச் சுருங்காது. அதை வீட்டிலேயே செய்துகொள்ள விரும்புவோருக்காக இந்த முறையை எழுதுகிறேன். இது மரத்தில் செதுக்கிய மாதிரித் துப்பாக்கிக்கு மட்டுமே உரியது. உண்மையான றிவோல்வரை உரிமமின்றி வைத்திருப்பது 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தின்படி இந்நாட்டில் குற்றமாகும். அத்தகைய ஆயுதத்துக்கு உறை தைத்துத் தரும்படி யார் கேட்டாலும் நான் தைப்பதில்லை.

முதலில் எந்த உறையைத் தைக்கப்போகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். திரைப்படங்களில் தொடையளவுக்குத் தாழ்ந்து, காலோடு நாடாவால் கட்டப்பட்டுத் தொங்குகின்ற உறை பிற்காலத்தில் வந்தது. கோல்ட் நிறுவனத்தின் ஒற்றைச் செயல் றிவோல்வர் (ஒவ்வொரு வெடிக்கும் அதன் சுத்தியலைக் கையால் பின்னே இழுக்க வேண்டியது) 1873இல் அமெரிக்க இராணுவத்துக்கு வந்த காலத்தில், மேற்கு மாநிலங்களின் மாடு மேய்ப்போர் உறையை இடுப்பு வாரிலேயே உயரமாக அணிந்தார்கள். குதிரையில் ஏறி இறங்குகிறவனுக்கு அதுதான் வசதி. அந்தக் காலத்தில் பரவலாக இருந்த வடிவம் மெக்சிக்க வளைய உறை: உறையின் உடலோடு படியும் பக்கத்துத் தோல் வாய்க்கு மேலே நீண்டு, வாருக்குப் பின்னால் மடிந்து கீழே இறங்கும், அந்த மடிப்பில் வெட்டிய இரண்டு வளையங்களுக்குள் உறையே நுழைந்து நிற்கும். ஆணியோ கொளுவியோ தேவையில்லாத அமைப்பு என்பதால் புதிதாகத் தைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

மாதிரித் துப்பாக்கி செதுக்க வேம்பு போதும். முதிரையில் செதுக்கினால் கையில் கனமும் பளபளப்பும் இருக்கும், ஆனால் உளி அடிக்கடி மழுங்கும். ஐந்தரை அங்குலக் குழல் கொண்ட கோல்ட்டின் மொத்த நீளம் ஏறத்தாழ 11 அங்குலம். அந்த அளவையே பின்பற்றுங்கள். குழலின் வாயைத் துளைக்காமல் மூடியபடியே விட்டு, முனைக்குச் செம்மஞ்சள் வர்ணம் பூசுங்கள். அமெரிக்காவில் விளையாட்டுத் துப்பாக்கிகளுக்கு இந்த நிறத்தைச் சட்டமே கேட்கிறது. எங்கள் ஊருக்கு அந்த அடையாளம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. படப்பிடிப்பில் முனை உறைக்குள் மறைந்திருக்கும் என்பதால் காட்சிக்கும் அது இடைஞ்சலில்லை.

தோலைத் தெரிவு செய்வதில்தான் பலரும் பிழை விடுகிறார்கள். பைகளுக்கும் சப்பாத்துகளின் மேற்பாகத்துக்கும் வருகின்ற குரோம் பதனிட்ட தோல் மென்மையானது. எவ்வளவு நனைத்து அழுத்தினாலும் உருவம் பிடிக்காது. நமக்கு வேண்டியது மரப்பட்டையால் பதனிட்ட மாட்டுத்தோல். தமிழ்நாட்டில் இதற்கு நெடுங்காலமாக ஆவாரம்பட்டையைப் பயன்படுத்தி வந்தார்கள். அதே செடி ஆவரசு என்ற பெயரில் எங்கள் தெருவோரங்களிலும் மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. கடையில் தோலை வாங்கும்போது வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் அது குரோம் தோல். முழுவதும் ஒரே பழுப்பாக இருந்தால் பட்டைத் தோலாக இருக்கும். உறைக்கு 3 முதல் 3.5 மில்லிமீற்றர் வரையான தடிப்புப் போதுமானது. வயிற்றுப் பக்கத்துத் தோல் இழுபட்டுத் தொய்வதால் அதைத் தவிர்த்து, முதுகுப் பக்கத்தையே கேட்டு வாங்குங்கள்.

அடுத்ததாகத் தடித்த காகிதமொன்றை இரண்டாக மடித்து, மடிப்பு ஓரத்தில் குழலின் மேற்பக்கம் படியும்படி துப்பாக்கியை வைத்து, பென்சிலால் சுற்றிவர வரையுங்கள். உறையை அணியும்போது இந்த மடிப்பு முன்பக்கமாகவும் தையல் பின்பக்கமாகவும், அதாவது விசையைச் சுற்றி நிற்கும் விசைக்காப்பு வளையம் இருக்கும் பக்கமாகவும் வரும். தையற்பக்கத்தில் வரைந்த கோட்டுக்கு வெளியே, உருளையின் (றிவோல்வரில் தோட்டாக்கள் இருக்கும் உருண்டைப் பகுதி) விட்டத்தில் பாதியும் அதற்கு மேலே அரை அங்குலமும் விடுங்கள். பழைய உறைகள் பலவற்றில் விசைக்காப்பு வளையம் வெளியே தெரியும்படி வெட்டப்பட்டிருந்தது. நான் அப்படி வெட்டுவதில்லை. விசை முழுவதும் தோலுக்குள் இருந்தால் உருவுகிறவரின் விரல் தானாகவே வெளியே நிற்கப் பழகிவிடும். உடலோடு படியும் பக்கத்து மடிப்புத் தோலைப் பொறுத்தவரை, உறையின் வாயிலிருந்து மேலே எழுந்து, வாரைச் சுற்றி மடிந்து, உறையின் நுனிக்கு ஓர் அங்குலம் மேலே முடியும் அளவுக்கு நீளம் கொடுத்தால் தோற்றம் சரியாக அமையும். தோலில் கத்தி வைப்பதற்கு முன்னர் காகித உறையை ஊசியால் குத்தி இணைத்து, துப்பாக்கியை ஒருமுறை செருகிப் பாருங்கள். காகிதம் பிழைத்தால் இன்னொரு தாள் எடுக்கலாம். தோல் பிழைத்தால் காசும் பிழைக்கும்.

தையலுக்கு இயந்திரத்தை நம்பாதீர்கள். ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளையும் எதிரெதிராக நுழைத்து இழுப்பதுதான் சேணத் தையல். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற நூல் தோலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இயந்திரத் தையல் ஒருமுறை அறுந்தால் வரிசையாக உருவிக்கொண்டு போய்விடும். தைப்பதற்கு முன்பு இரண்டு தோல்களுக்கும் நடுவே, தையல் ஓரம் நெடுகிலும், அரை அங்குல அகலத் தோற்பட்டி ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள். செருகும்போது துப்பாக்கியின் விளிம்பு நேரே நூலில் உரசாமல் இந்த இடைப்பட்டியில் உரசும் என்பதால் உறையின் ஆயுள் பல மடங்கு கூடும். ஓர் அங்குலத்துக்கு ஆறு துளைகள் அளவாக இருக்கும். குத்தூசியைச் சாய்க்காமல் நேராக இறக்குங்கள். முன்பக்கத்தில் கோடு அழகாக இருந்தும் பின்பக்கத்தில் பாம்பு போல வளைந்து கிடந்தால், ஊசி சாய்ந்திருக்கிறது என்று பொருள். தொடங்கிய இடத்திலும் முடிக்கும் இடத்திலும் மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து நூலை வெட்டுங்கள்.

இனி உருவம் பிடிக்கும் வேலை. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான். தைத்த உறையை இளஞ்சூட்டு நீரில் அமிழ்த்தினால் தோலின் நுண்துளைகளிலிருந்து சிறு குமிழிகள் வரிசையாக எழும். அவை ஓய்ந்ததும் வெளியே எடுத்து, தோலின் கருநிறம் மெல்ல வெளிறத் தொடங்கும்வரை நிழலில் வையுங்கள். நீர் கொதிநிலைக்குக் கிட்டப் போயிருந்தால் தோல் சுருங்கிப் பலகையாகிவிடும், கையைத் தாங்கக்கூடிய சூடே எல்லை. பின்னர் மரத் துப்பாக்கியைப் பொலித்தீனால் இறுகச் சுற்றிச் செருகி, பெருவிரலால் உருளையின் வளைவையும் விசைக்காப்பு வளையத்தின் ஓரத்தையும் அழுத்தி அழுத்தி எடுத்துக் காட்டுங்கள். நகம் பட்டால் அந்தத் தழும்பு என்றைக்கும் அழியாது. ஆகையால் நகத்தை வெட்டிவிட்டு உட்காருங்கள். கரண்டிக் காம்பு ஒன்றின் வழுவழுப்பான முனையால் கோடுகளைத் தீர்க்கலாம். அப்படியே துப்பாக்கியோடு ஒன்றிரண்டு நாள்கள் நிழலில் காயட்டும். சோளகம் வீசும் காலத்தில் எங்கள் பக்கத்துக் காற்றே போதும். வெயிலில் வைத்தால் மடிப்பில் வெடிப்பு விழும். நன்றாகக் காய்ந்த உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துப் பொலித்தீனைக் கழற்றிவிட்டு மறுபடி செருகும்போது, கடைசி அரை அங்குலத்தில் மெதுவாக ஒரு பிடி விழும். அந்தப் பிடி விழுந்தால் அளவு சரி.

கறுப்பு நிறம் வேண்டுமென்றால் துருப்பிடித்த இரும்பாணிகளை வினாகிரியில் ஒரு கிழமை ஊறவைத்து வடித்த நீரைத் தோலில் பூசுங்கள். பட்டையிலுள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்து சில நிமிடங்களில் கறுக்கும். அதன் பிறகு அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவ மறக்காதீர்கள், இல்லையேல் புளிப்பு தங்கித் தோலை அரிக்கும். பழுப்பு நிறத்தை விரும்புவோர் இதை விட்டுவிடலாம். எதுவானாலும் முடிவில் தேன்மெழுகை இளஞ்சூட்டில் உருக்கித் துணியால் தேய்க்க வேண்டும். காட்டுத்தேன் எடுப்பவர்களிடம் சொல்லி வைத்தால் தேன் பிழிந்த அடை கிடைக்கும். அதை நீரில் கொதிக்கவைத்து வடிகட்டி ஆறவிட்டால் மெழுகு மேலே படிந்து உறையும்.

வாரின் அகலம் இரண்டரை அங்குலம் இருக்கட்டும். உண்மைக் கோல்ட் ஏறத்தாழ ஒரு கிலோ நிறையுடையது; அந்த நிறையே அதை உறைக்குள் இருத்திவிடும். மரத் துப்பாக்கி இலேசானதாகையால் ஓடும்போது துள்ளி விழுந்துவிடும். எனவே உறையின் வாயருகே துளையிட்டு மெல்லிய தோல் நாடாவொன்றைக் கோத்து, துப்பாக்கியின் பின்புறத்தில் நிற்கும் சுத்தியலின் மேல் மாட்டும்படி வளையம் விடுங்கள். காட்சி தொடங்கும்போது நாடாவைக் கழற்றுவதும் முடிந்ததும் மாட்டுவதும் நடிகரின் பொறுப்பு. வாரை இடுப்பெலும்புக்கு மேலே இறுக்கி, கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே வரும்படி உறையை நகர்த்திக்கொள்ளுங்கள்.

அணிகின்ற இடத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தெரியும்படி ஆயுதம் தாங்குவதை அமெரிக்க மாநிலங்கள் பல அனுமதிக்கின்றன. டெக்சஸில் 2016 ஜனவரியில் கைத்துப்பாக்கிக்கு அந்த அனுமதி வந்தபோது, உரிமம் பெற்றவர்கள் அதைத் தோளிலோ இடுப்பிலோ உள்ள உறையில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே குறிப்பிட்டது. ஆனால் கௌபோய்களின் காலத்திலேயே அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரம் ஊருக்குள் ஆயுதம் கொண்டு திரிவதைத் தடுத்திருந்தது. 1881 ஒக்டோபர் 26இல் அங்கு நடந்த புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டை, அந்தத் தடையை நிறைவேற்றப் போன இடத்தில் மூண்டதாகும்.

எங்கள் மண்ணின் நினைவு வேறு. குளக்கட்டொன்றில் நடந்த படப்பிடிப்புக்கு நான் தைத்த உறையோடு போயிருந்தேன். நடிக்கவிருந்த இளைஞன் வாரைக் கட்டிக்கொண்டு கட்டின் மேல் நடந்தபோது, எதிரே சைக்கிளில் வந்த அம்மா ஒருவர் இறங்கி, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே உருட்டினார். பின்னால் ஓடிப்போய், அது வேப்பமரத் துண்டென்று காட்டி மன்னிப்புக் கேட்டேன். “மரமெண்டு தெரியுது தம்பி, ஆனா கால் நடக்குதில்லை” என்றார். அன்றைக்கு வழியிலுள்ள வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லாமல் விட்டது எங்கள் பிழை.

அதிலிருந்து நான் உறை தைத்துக் கொடுக்கும் எல்லாரிடமும் சில விடயங்களைக் கேட்டு வாங்குகிறேன். படப்பிடிப்பு நாளையும் இடத்தையும் கிராம அலுவலருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் எழுத்தில் அறிவித்து, பிரதியைக் கையில் வைத்திருக்க வேண்டும். சுற்றியுள்ள வீடுகளுக்கு முதல் நாளே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். மரத் துப்பாக்கிகள் எல்லாம் ஒருவரின் பொறுப்பில் மூடிய பைக்குள் வந்து, காட்சி முடிந்ததும் அதே பைக்குள் போக வேண்டும். உறையை அணிந்தபடி தேநீர்க் கடைக்கோ பஸ் தரிப்பிடத்துக்கோ யாரும் போகக்கூடாது. இராணுவ நிறத்து உடையை இந்த வாரோடு சேர்த்து அணியவே கூடாது. ஒத்திகையின்போதும் முனையை நிலத்தை நோக்கிப் பிடிக்கப் பழக்குங்கள். பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவர்களை நோக்கி நீட்டி விளையாடினால் அன்றைய படப்பிடிப்பை நிறுத்திவிடுங்கள்.

வேலை முடிந்த உறையை மாரிக்குப் பாதுகாப்பதும் எளிதுதான். துப்பாக்கியை உள்ளே வைத்துப் பூட்டினால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். அதை எடுத்துவிட்டு, பழைய பத்திரிகைத் தாளை உருட்டி உறைக்குள் திணித்து, பருத்தித் துணியில் சுற்றிக் காற்றுப் படும் தட்டில் வையுங்கள். வெண்மை படர்ந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, தை மாத வெயில் வந்ததும் நிழலில் உலர்த்தி, இன்னொரு முறை மெழுகு பூசிக்கொள்ளலாம்.